வாக்கிட்டா எத்தனை மிச்சம்? சார்ட்டில் எதை எழுதுவது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக வாக்கிட்டா என்ற கடல் பிராணி பற்றி சார்ட் தயாரிக்கிறாள். மொத்தமே 60 என்கிறது ஒரு தளம். 30 என்கிறது இன்னொன்று. 10 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? டால்பின் மாதிரி வரைந்தால் போதுமா? பிடித்துத் தொட்டியில் வளர்க்கலாமே என்றும் கேட்கிறாள்.

பதில்: மூன்றும் சரிதான், ஆண்டுதான் வேறு. 1997 கணக்கெடுப்பில் சுமார் 567 இருந்தன. 2015இல் 60 அளவுக்கு வந்து, அடுத்த ஆண்டே 30 ஆகிவிட்டது. 2023இல் தேடிப் பார்த்தவர்களின் மதிப்பீடு 10 முதல் 13. 2024இல் 6 முதல் 8. எந்த எண்ணைப் போட்டாலும் பக்கத்திலேயே ஆண்டையும் போடச் சொல்லுங்கள்.

டால்பின் வேண்டாம். இது டால்பினுக்கு உறவான கடற்பன்றி (porpoise) இனம். நீண்ட மூக்கு கிடையாது, மழுங்கிய முகம். கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கருவளையம், உதட்டிலும் அதே கறுப்பு. முதுகுத் துடுப்பை உயரமான முக்கோணமாக வரையட்டும். முழுதாக வளர்ந்தாலே ஒன்றரை மீட்டர்தான். ஆணைவிடப் பெண் பெரிது. மேப்பில் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடா, அதிலும் வடகோடியில் சான் ஃபெலிப்பே ஊர்ப்பக்கம் மட்டும் புள்ளி வைத்தால் போதும். வேறெங்கும் கிடையாது.

இதை யாரும் வேட்டையாடுவதில்லை. குறி டொடோவாபா என்ற மீன், நம்மூர் கத்தாழை மீனின் குடும்பம். அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் கொள்ளை விலை. 1975இலேயே தடை வந்தும் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்கள். அதற்கு விரிக்கும் செவுள் வலையில் வாக்கிட்டாவும் மாட்டுகிறது. மூச்சுவிட மேலே வரவேண்டிய பிராணி அல்லவா, வலைக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2022இல் மெக்சிகோ கடற்படை, கொக்கி வைத்த கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கியது. வலை போட்டால் அதில் சிக்கிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து உருப்படியாகப் பலன் தந்த வேலை இதுதான்.

தொட்டி யோசனையை 2017இல் செய்தே பார்த்துவிட்டார்கள். முதலில் பிடித்த இளசு மிரண்டு தவித்ததால் உடனே விட்டுவிட்டார்கள். அடுத்துப் பிடித்த வளர்ந்த பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனது. திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவு குறைந்தபின் உறவுக்குள்ளேயே கலந்து நோஞ்சானாகிவிடாதா என்று கண்காட்சியில் யாராவது கேட்கக்கூடும். 2022இல் வந்த மரபணு ஆய்வு, அதனால் மட்டும் இந்த இனம் அழியாது என்கிறது. வலைச்சாவு அடியோடு நின்றால் மீண்டுவரவே வாய்ப்பு அதிகமாம். ஆனால் மெதுவாகத்தான். ஒரு பெண் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும்.