கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வகுப்பில் என்னென்ன செய்யலாம்?

இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாகக் கட்டுரை வகுப்பை ஏற்கப்போவதாகச் சொல்கிறீர்கள். இலக்கணம் நடத்தினால் தூங்குகிறார்கள், தலைப்புக் கொடுத்தால் இணையத்திலிருந்து எடுத்து வருகிறார்கள் என்று மூத்த ஆசிரியர்கள் வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் மலேசியாவின் பினாங்கில் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக இதே வகுப்பை எடுக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகளில் நான் செலவழித்தது பெரும்பாலும் சிவப்பு மைதான்.

நம் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளி இறுதியாண்டின் எஸ்.பி.எம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த முன்னுரைகள் இன்னும் நாக்கு நுனியில் இருக்கின்றன. எந்தத் தலைப்பானாலும் 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கி, நடுவில் ஒரு குறளைச் செருகி, 'ஆகவே நாம் அனைவரும்' என்று கரையேறிவிடுவார்கள். எழுதியதைப் படிக்க ஒருவர் இருப்பார் என்பதுதான் அவர்களுக்குப் பழக்கமில்லை. புள்ளி, அதாவது மதிப்பெண், போடுகிறவரை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே வகுப்பில் எதைச் செய்யும் முன்பும் நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: எழுதுகிறவனுக்கு எதிரே நிஜமான வாசகர் ஒருவர் இருக்கிறாரா?

ஒருமுறை பினாங்கின் தலைநகரான 'ஜார்ஜ் டவுன்' பற்றி எழுதத் தலைப்புக் கொடுத்தேன். இருபத்து நான்கு தாள்கள் வந்தன. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், 2008இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி. இந்த இரண்டு எண்களும் இல்லாத தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தகவல் சரி. ஆனால் இருபத்து நான்கு பேரில் யார் எழுதியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் தலைப்பை மாற்றினேன். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வந்து இறங்குகிறவர், யாரையும் கேட்காமல், கைப்பேசியைப் பார்க்காமல், அந்தக் கோவிலின் வாசலுக்கு நடந்து போக வேண்டும். வழியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை வேறொரு குழு கையில் வைத்துக்கொண்டு நடக்கும். எழுதியவர் பின்னாலேயே போகலாம், வாய் திறக்கக் கூடாது.

ஜார்ஜ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி மிக அழகாக எழுதியிருந்தாள். அதில் 'பிட் ஸ்திரீட் வந்ததும் கோவில் தெரியும்' என்று ஒரு வரி. அவளது தாளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் ஜொகூரிலிருந்தும் பகாங்கிலிருந்தும் வந்த மூன்று பேர். பிட் ஸ்திரீட்டுக்கு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். அந்தத் தெருவிலேயே நின்றுகொண்டு அந்தத் தெருவைத் தேடினார்கள். பிறகு எப்படியோ கோவிலைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்கள் போய் நின்றது கோவிலின் முதுகுப்பக்கம். வாசல் இருப்பது லெபோ குயின் என்ற தெருவில். இவள் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாட்டி அப்படித்தான் சொல்வார்கள் ஐயா, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்" என்றாள். வாசகரை மனத்தில் வைத்து எழுத வேண்டும் என்று நான் நான்கு ஆண்டுகள் பலகையில் எழுதிப் போட்டது, அந்த வெயிலில் கால் மணி நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. அவள் திருத்தி எழுதிய தாளில் பிட் ஸ்திரீட் அப்படியே இருந்தது, பக்கத்தில் புதுப் பெயரும் இருந்தது. பாட்டியை அவள் விட்டுவிடாதது எனக்குப் பிடித்திருந்தது. கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தாள்: 'கோவில் தெரிந்து வாசல் தெரியவில்லை என்றால் நீங்கள் பின்புறம் நிற்கிறீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள்.'

அடுத்தது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பது. இதை எல்லோரும் செய்யச் சொல்கிறார்கள், ஆனால் நம் வகுப்புகளில் அப்படியே செய்தால் எடுபடாது. "நன்றாக இருக்கிறது அக்கா" என்பதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். மிஞ்சினால் ஒற்றுப்பிழையை வட்டமிடுவார்கள். நான் கருத்துச் சொல்வதையே தடைசெய்துவிட்டேன். படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, என்ன படித்தாய் என்று எழுதியவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

லாரி ஓட்டும் தன் அப்பாவைப் பற்றி ஒரு மாணவன் எழுதினான். முதல் பத்தி முழுவதும் 'அல்லும் பகலும் அயராது பாடுபடும்' வகை. திருப்பிச் சொன்ன பெண்ணுக்கு அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. "உங்கள் அப்பா தாப்பா ஓய்விடத்தில் லாரியை நிறுத்திவிட்டு ஸ்டேரிங்மேல் தலைவைத்துத் தூங்குவார், காலணியைக் கழற்ற மாட்டார்" என்றாள். அது மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் வந்த வரி. அவன் ஒன்றும் பேசாமல் முதல் பத்தியின் குறுக்கே கோடு போட்டான். நான் சொல்லியிருந்தால் மனத்தாங்கலாகியிருக்கும்.

பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுதுவது என்று ஒரு பயிற்சி உண்டு. அதைப் பலர் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். கை சூடேறுவதற்கு உதவும்; அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், அதை வாங்கிப் படிக்கவும் செய்யாதீர்கள். நீண்ட கட்டுரைகளுக்கு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஐந்தாறு சொற்களில் எழுதச் சொல்லுங்கள். ஒரே குறிப்பு இரண்டு பத்திக்கு வந்தால் ஒன்று தேவையில்லை. குறிப்பே எழுத முடியவில்லை என்றால் அங்கே சொற்கள் மட்டும்தான் இருக்கின்றன. இதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியதுகூட இல்லை.

சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி உங்களிடமும் இருக்கும். நான் முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வைக்கிறேன். துப்பறியும் வேலையில் இறங்குவதில்லை. அதற்கு எனக்கு நேரமும் இல்லை, குணமும் இல்லை. முதல் வரைவுக்குப் புள்ளி கிடையாது. அதற்கும் இறுதி வரைவுக்கும் இடையில் என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும்; அந்த அரைப்பக்கத்துக்கு நூற்றில் முப்பது புள்ளி கொடுக்கிறேன். துறைத்தலைவரிடம் இதற்கு அனுமதி வாங்க ஒரு பருவம் ஆனது. நீங்கள் இப்போதே கேட்டு வையுங்கள்.

வழி எழுதும் பயிற்சிக்கு இரண்டு வகுப்புகளை ஒதுக்குங்கள். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பினாங்கு மழையில் தாள் கரைந்துபோய், ஒரு குழு கடைசியில் கூட்டத்தைப் பின்தொடர்ந்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.