ஒன்லைன் வேலை விளம்பரங்களை எண்ணி வன்னியில எவ்வளவு ஆள் தேவை எண்டு சொல்லேலுமா?

நீங்கள் கம்பஸ் பிள்ளையா இருக்கவேணும், ரிசர்ச்சுக்குத்தான் கேக்கிறியள் போல. கொழும்புக்கு எண்டா ஓரளவுக்கு ஓம். கிளிநொச்சி முல்லைத்தீவுக்கு அந்த எண்ணிக்கையை மட்டும் வச்சு ஒண்டும் சொல்லேலாது. நான் பொருளாதாரம் படிச்ச ஆள் இல்லை, கிளிநொச்சியில கொம்யூனிகேஷன் கடை வச்சிருக்கிறன், சீவி அடிக்கிறதும் நான்தான், 'ஆட்கள் தேவை' நோட்டீஸ் அடிக்கிறதும் நான்தான், அதால ரெண்டு பக்கமும் தெரியும்.

எங்கட ரவுணில ஒரு பினான்ஸ் கொம்பனி இருக்கு, பேர் வேண்டாம், எனக்குக் கடை நடத்தவேணும். அவை மார்க்கெட்டிங்குக்கு ஆள் எடுக்கிறம் எண்டு விளம்பரம் போடுவினம், ஓஎல் காணும், சொந்த மோட்டச்சைக்கிள் கட்டாயம். பெடியள் என்னட்ட சீவி அடிச்சுக்கொண்டு போய்ச் சேருவாங்கள், பிறகு பாத்தா ஒட்டுசுட்டான் பக்கம், துணுக்காய்ப் பக்கம் எண்டு கிராமம் கிராமமாப் போய் லோன் எடுத்த பெம்பிளையளிட்ட கிழமைக் காசு கேக்கிற வேலை, கட்ட இல்லாததுகள் அழுதா இவங்களுக்கும் தாங்கேலாது, ரார்கெட் பிடிக்காட்டி சம்பளத்தில வெட்டு, பெற்றோல் காசும் சரியாக் குடுக்கிறேல்லை, கொஞ்ச நாளில விட்டிட்டு வந்திடுவாங்கள். உடனே அதே விளம்பரம் திரும்ப வரும். மனேச்சர் தம்பி கடைக்கு வந்தா "அண்ணை, பழைய பைலையே எடுங்கோ, திகதியை மட்டும் மாத்துங்கோ" எண்டுதான் சொல்லுவார். அது ஒரே கதிரை, ஆள் இருக்கேலாமல் எழும்பிப் போற கதிரை. கொம்பியூட்டரில எண்ணுறவைக்கு அது ஒவ்வொரு முறையும் புது வேலை. இன்னொரு விளையாட்டு, சைட்டில போடேக்க இடம் எண்ட பெட்டியில யாழ்ப்பாணம் எண்டு அமத்திவிடுவினம், சில வேளை ஹெட் ஒபிஸ் இருக்கிற கொழும்பு. வேலை மாங்குளத்தில, கணக்கு அங்க.

மற்றப்பக்கம், உண்மையா ஆள் தேடுறவை ஒன்லைனுக்கு வாறதே இல்லை. மேசன் தேவை எண்டா கொந்தராத்துக்காரர் போனில கேப்பார். கச்சான் பிடுங்க ஆள் எண்டா புதுக்குடியிருப்பில வாயாலதான். கார்மென்ஸ்காரர் ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவினம், பஸ் விடுறம் சாப்பாடு தாறம் எண்டு. பேஸ்புக்கில வட்ஸ்அப்பில வாறதும் முக்கால்வாசி படம், பாமினி எண்ட பழைய தமிழ் பொன்ட்டில அடிச்சு போட்டோவாப் போட்டது. நானே அடிச்சுக் குடுக்கிறன். எழுத்தைத் தேடி எண்ணுற புரோகிராமுக்கு அது பிடிபடாது.

ஆதாரம் கேக்கப் போறவைக்கு. தொகைமதிப்புத் திணைக்களம் 2017 ல கொம்பனியளிட்ட நேர போய்க் கேட்டு ஒரு சர்வே செய்தது, நாடு முழுக்க கிட்டத்தட்ட 5 லட்சம் வெற்றிடம் எண்டு வந்தது, ஆகக்கூடத் தேவைப்பட்டது தையல் மெசின் ஓட்டுற ஆக்கள், அதுக்குப் பிறகு செக்கியூரிட்டி. இந்த ரெண்டு வேலைக்கும் சைட்டில சீவி அனுப்பின ஆளை நான் காணேல்லை. அமெரிக்காவில 1951 ல இருந்தே பேப்பர் விளம்பரத்தை எண்ணினவை, 2005 ல ஒன்லைன் விளம்பரத்தையும் எண்ணத் துவங்கினவை, ஆனா அங்கயும் அதோட விடாமல் கொம்பனியளிட்ட மாசாமாசம் தனியாக் கேக்கினம். விளம்பரத்தில படிச்ச வேலையள் கூடவும் கூலி வேலையள் குறையவும் தெரியும் எண்டு அவைக்கும் தெரியும்.

விளம்பரம் ஒண்டுக்கும் உதவாது எண்டு நான் சொல்லேல்லை, கீழ வந்து சண்டை பிடிக்காதேங்கோ. ஒரே இடத்தின்ர போன வருசத்தையும் இந்த வருசத்தையும் பாருங்கோ, கொழும்போட முல்லைத்தீவை வச்சுப் பாக்காதேங்கோ. அதிலயும் விளம்பரம் கூடினது வேலை கூடினதாலயோ, இல்லாட்டி சனம் போன் வாங்கினதாலயோ எண்டு யோசிக்கவேணும். ஏன் இவ்வளவு சூடாக் கதைக்கிறன் எண்டா, உங்களைப்போல ஒரு பிள்ளை கடைக்கு றிப்போட் பிரிண்ட் எடுக்க வந்தவ, முல்லைத்தீவில தொழிலாளர் கேள்வி (ஆள் தேவை) மிகக் குறைவு எண்டு முதல் பக்கத்திலயே கிடக்கு, பக்கத்தில நிண்ட கொந்தராத்துக்காரர் முள்ளியவளையில ஒரு வீட்டு வேலைக்கு மேசன் இல்லாமல் அலைஞ்சுகொண்டு நிக்கிறார். அவ தலையங்கத்தை மாத்தேல்லை.

   

இன்னொண்டு, மாசத்தையும் பாக்கவேணும். தை மாசியில காலபோக நெல் வெட்டு நேரம். மிசின் வந்து அரிவு வெட்டு ஆக்கள் குறைஞ்சாலும் நெல்லுக் காயப்போட, மூட்டை ஏத்த ஆள் தட்டுப்பாடு, நாட்கூலி ஏறும். அந்த நேரம் சைட்டில ஒரு அசைவும் இராது. எந்த மாசத்தில எடுத்த டேட்டா எண்டதை முதல் பக்கத்தில போடுங்கோ, இரணைமடு வாய்க்கால் பக்கம் ஒருக்கா நேர வந்து கேட்டிட்டு எழுதினா இன்னும் நல்லம்.