தோற்ற பிறகு அதே வாசலுக்குப் போவது: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2009-இல் தன்பாலினத் திருமணச் சட்டம் பொது வாக்கெடுப்பில் தோற்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தோற்றவர்கள், தங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் தம்பி தன்பாலீர்ப்பாளன். வீட்டில் சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ஊர் உலகத்துல ஓட்டுக்கு விட்டா உங்களுக்கு எத்தனை பேர் கையத் தூக்குவான்?" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்கிறோம். அப்படியானால் ஓட்டில் தோற்ற பிறகும் போராடுவதில் என்ன நியாயம்? உன் கல்யாணம் செல்லாது என்று ஓட்டுப் போட்டவர் வாசலில் போய் நிற்பது மானக்கேடு இல்லையா? என் தம்பியை அப்படி நிற்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

(பெயர் வெளியிட வேண்டாம்), கோவை

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

மெய்னில் 2009 ஏப்ரலில் இந்த மசோதா மீது அகஸ்டா நகரில் பொது விசாரணை நடந்தது. அங்கே பிலிப் ஸ்பூனர் என்ற 86 வயதுக்காரர் எழுந்து பேசினார். இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்தவர், வாழ்நாள் முழுக்கப் பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காரர். நான்கு மகன்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். வாக்குச்சாவடி அருகே ஒரு பெண் தன்னிடம், "தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டதாகச் சொன்னார். அப்படி ஒரு கேள்வி வந்ததே அவருக்கு விளங்கவில்லையாம். "ஒமாஹா கடற்கரையில் நான் எதற்காகச் சண்டை போட்டேன் என்று நினைக்கிறாய்?" என்று, அந்தப் போரில் பிரான்சில் கடும் சண்டை நடந்த இடத்தைச் சொல்லி, அந்தப் பெண்ணைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சின் காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. அதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

மே 6 அன்று ஆளுநர் ஜான் பால்டாச்சி சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் தன்பாலினத் திருமணத்தை ஏற்காதவர் அவர். ஆனால் அந்த மாநிலத்தில் மக்கள் கையெழுத்துத் திரட்டி, ஒரு சட்டம் அமலுக்கு வருமுன்பே அதை வாக்கெடுப்புக்கு இழுக்க முடியும். இழுத்தார்கள். நவம்பர் 3 அன்று சட்டம் தோற்றது. வித்தியாசம் சுமார் 33,000 ஓட்டு. கல்யாணத் தேதி குறிக்கக் காத்திருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு ஜோடிகூட அந்தச் சட்டத்தின்கீழ் மணம் செய்துகொள்ள முடியவில்லை.

ஸ்பூனரின் பேச்சு அத்தனை பேர் மனதைத் தொட்டும் ஏன் தோற்றது? எதிர்த்தரப்பு விளம்பரங்கள் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டன: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று. பெற்றவர்களின் பயம் எளிதில் தீப்பிடிக்கும். இது ஒரு காரணம். இன்னொன்றை ஆதரவாளர்கள் தாங்களே உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள், அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர்கள் அதுவரை உரிமைகளைப் பற்றியே பேசிவந்தார்கள். வரிச் சலுகை, காப்பீடு, வாரிசுரிமை, மருத்துவமனையில் கூட இருக்கும் அனுமதி. எல்லாமே நியாயமானவை. ஆனால் கேட்டவர்கள் மனதில் வேறு கணக்கு ஓடியது. "நானும் என் மனைவியும் வரிக்காகவா கல்யாணம் செய்துகொண்டோம்? இவர்கள் கேட்பது வேறு ஏதோ போலிருக்கிறது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். அன்புக்காக, ஒருவரை ஒருவர் கடைசிவரை பார்த்துக்கொள்வதற்காகத்தான் இவர்களும் மணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்பது அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. யாரும் நேரில் சொல்லியிருக்கவில்லை.

கலிஃபோர்னியாவிலும் இதே தோல்வி ஒரு வருடம் முன்பே நடந்திருந்தது. 2008 நவம்பரில் 52 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்ய ஓட்டுப் போட்டார்கள். அதற்குள் சுமார் 18,000 ஜோடிகள் மணம் முடித்திருந்தார்கள். அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழு, தாங்கள் மோசமாகத் தோற்ற பகுதிகளாகப் பார்த்துப் போய்க் கதவைத் தட்டி, ஏன் எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தது. மனிதர்கள் பதில் சொன்னார்கள். நிறையவே சொன்னார்கள்.

அந்த உரையாடல் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வந்தவர் துண்டுப் பிரசுரம் எதையும் நீட்டுவதில்லை. "0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள். 0 என்றால் முழு எதிர்ப்பு, 10 என்றால் முழு ஆதரவு" என்பார். வீட்டுக்காரர் 3 என்கிறார் என்று வையுங்கள். ஏன் 3, ஏன் 0 இல்லை என்று கேட்பார். வருகிற பதிலை வெட்டிப் பேச மாட்டார். அப்புறம், "நீங்கள் கல்யாணம் ஆனவரா? எத்தனை வருடம்?" என்பார். இங்கேதான் பேச்சு திசை மாறும். வரி, காப்பீடு எதுவும் வராது. உடம்பு முடியாமல் கிடந்தபோது மனைவி ராத்திரி முழுக்கக் கண் விழித்த கதை வரும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்கள் வரும். அதெல்லாம் முடிந்த பிறகு வந்தவர் தன் துணையைப் பற்றி, அல்லது தன் மகளைப் பற்றிச் சொல்வார். கடைசியில் அதே எண் கேள்வியை மறுபடி கேட்பார். சில நேரம் அது 5 ஆகும். சில நேரம் 3-லேயே நிற்கும். முகத்தில் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

(இந்த முறையைப் புகழ்ந்து 2014-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, தரவு நம்பத்தக்கதாக இல்லை என்று மறு வருடமே திரும்பப் பெறப்பட்டது. அதைச் சொல்லி யாராவது உங்களை மடக்கலாம். அந்தப் பிழையை வெளிக்கொண்டுவந்த ஆய்வாளர்களில் இருவரே பிறகு மயாமியில், திருநர்கள் மீதான வெறுப்பு குறித்து முறையாக ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். சுமார் பத்து நிமிடப் பேச்சு உண்டாக்கிய மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது.)

இப்போது மானக்கேடு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாசலில் நிற்பவர் எதையும் யாசிக்கவில்லை. கேள்வி கேட்பவர் அவர்தான். பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். ஓட்டுச்சாவடியின் மறைப்புக்குள் நின்று ஒருவர் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்தவர், அந்த மனிதர் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் தலை குனிய என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்படிப் போனவர்கள் எல்லாருமே தன்பாலீர்ப்பாளர்கள் இல்லை. அப்பா அம்மாக்கள் போனார்கள், அக்கா தங்கைகள் போனார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள். உங்கள் தம்பி எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அவர் இதுவரை பட்டதே போதும். நிற்க வேண்டியவர்கள் நாம்.

மகேசன் தீர்ப்பு பற்றி. ஒருவரின் திருமண உரிமையை மற்றவர்களின் ஓட்டுக்கு விடுவதே தவறு என்பதுதான் என் கருத்து. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் விட்டுவிட்ட பிறகு, மக்கள் ஒருமுறை சொன்னது என்றைக்குமான சொல் என்று யார் சொன்னது? நாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சியையே மாற்றுகிறோம். மெய்ன்காரர்கள் மூன்று வருடம் வீடு வீடாகப் பேசிவிட்டு, தாங்களே கையெழுத்துத் திரட்டி, 2012-இல் அதே மக்களிடம் மறுபடி போனார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் ஆதரவாளர்கள் தாங்களாக இதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனதில்லை, அத்தனை தோல்விகள் வரிசையாக நின்றன. நவம்பர் 6 அன்று ஏறக்குறைய 53 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதே நாளில் மேரிலாண்ட், வாஷிங்டன் மாநில மக்களும் ஆதரித்தார்கள், மின்னசோட்டா மக்கள் தடையை நிராகரித்தார்கள். டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டியதும் போர்ட்லண்ட் நகர மன்றத்தில் முதல் திருமணங்கள் நடந்தன. குளிரில் வெளியே நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது.

கலிஃபோர்னியாவில் தடையை நீதிமன்றங்கள் 2013-க்குள் செயலிழக்கச் செய்துவிட்டாலும், அந்த வாசகம் மாநில அரசமைப்பில் அப்படியே கிடந்தது. 2024 நவம்பரில் சுமார் 63 சதவீதம் பேர் அதை நீக்க ஓட்டுப் போட்டார்கள். 2008-இல் தடைக்கு ஓட்டுப் போட்ட கைகளில் சிலவாவது அதில் இருந்திருக்கும். பெரியப்பா கேட்ட கேள்விக்கு இதைச் சொல்லலாம், அவர் கேட்கிற மனநிலையில் இருந்தால்.

நீதிமன்றம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. மெய்னில் வாழும் வழக்குரைஞர் மேரி பொனாட்டோ 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடி நாடு முழுவதற்கும் இந்த உரிமை கிடைக்க வழிசெய்தவர். தன் சொந்த மாநிலத்தின் 2009 தோல்வியையும் 2012 வெற்றியையும் பார்த்துவிட்டுத்தான் அவர் அங்கே போய் நின்றார். அந்த வீட்டு வாசல் பேச்சுகள் இல்லாமல் அந்தத் தீர்ப்பு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தியாவில் நமக்கு வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணம் நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் என்றால் நம் அப்பாக்களிடமும் பெரியப்பாக்களிடமும் ஓட்டு கேட்டு வருகிறவர்கள்தானே. பேசினால் மாறுவார்களா என்ற சந்தேகம் இருந்தால், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். மதுரையிலிருந்து வந்து பாதுகாப்புக் கேட்ட, தன்பாலீர்ப்பாளர்களான இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதுபற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டார், பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களை) சந்தித்துப் பேசினார், அதன் பிறகே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவுகளைப் போட்டார்.

பெரியப்பாவை இப்போதைக்கு விடுங்கள். கூட்டத்தில் கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. அப்பாவிடம் தனியாக உட்காருங்கள். தம்பி பேச்சை எடுத்த எடுப்பில் எடுக்க வேண்டாம். அவரும் அம்மாவும் கல்யாணமான புதிதில் எப்படி இருந்தார்கள், எதற்குப் பயந்தார்கள், யார் துணைக்கு நின்றார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும், குறுக்கிடாதீர்கள். தம்பிக்கும் அப்படி ஒரு துணை வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள். ஆனால் அதற்கு முன், தன்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். சரி என்றால், அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா