லயத்துக் காம்பராவில் இரவுக் காட்சி: முற்பணம் கட்டுமுன் விளக்கை நகர்த்திப் பாருங்கள்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நண்பர்களோடு குறும்படம் எடுக்கிறார். லயத்துக் காம்பராவில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், தாயும் மகனும் பேசும் இரவுக் காட்சி. டியூப் லைட்டைப் போட்டு எடுத்தால் முகங்கள் தட்டையாகத் தெரிகின்றன, படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. அணைத்துவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை. கொழும்பில் மூன்று மாத ஒளியமைப்பு டிப்ளோமாவுக்கு முற்பணம் கேட்கிறார்கள். ஹட்டனில் ஒருவர் மூன்று பெரிய விளக்குகளை வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இரண்டில் எதை முதலில் செய்வது என்பது கேள்வி.

இரண்டையும் நிறுத்தி வையுங்கள், தம்பி. இந்தக் காட்சிக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்தக் காம்பராவுக்குள்ளேயே இருக்கிறது.

கோடுகளை முதலில் தீர்ப்போம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி மின்குமிழும் அதனால் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். உங்கள் கெமரா பெரும்பாலும் விநாடிக்கு 30 படங்கள் என்ற அமைப்பில் இருக்கும். மெனுவில் என்.டி.எஸ்.சி (NTSC) என்று இருக்கும் வீடியோ முறையைப் பால் (PAL) என்று மாற்றி, விநாடிக்கு 25 படங்கள் எனவும், ஒவ்வொரு படத்துக்கும் கெமரா வெளிச்சம் வாங்கும் நேரமான ஷட்டரை 1/50 விநாடி எனவும் வையுங்கள். அதன் பிறகும் கோடு வந்தால் மின்குமிழை மாற்றுங்கள். டிம்மர் போட்டு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டாம், மலிவான டிம்மர் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள், இல்லையேல் வெள்ளைத் துணியைக் குறுக்கே பிடியுங்கள்.

முகம் தட்டையாவதற்குக் காரணம் கூரையில் தொங்கும் விளக்கு. அது முகத்துக்கும் சுவருக்கும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கொடுக்கிறது. அதை அணையுங்கள். குப்பி விளக்கு படத்தில் தெரியட்டும், ஆனால் அதன் சுடர் கெமராவுக்குப் போதாது. அதே பக்கத்தில், படச்சட்டத்துக்கு வெளியே ஒரு சிறிய மஞ்சள் மின்குமிழை ஒளித்து வையுங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும், 6500 என்றால் வாங்காதீர்கள். கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கெமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையை (white balance) 3200இல் நிறுத்துங்கள். சுடரும் மின்குமிழும் ஒரே குடும்பத்து நிறத்தில் நிற்கும்.

இனி நகர்த்துங்கள். இந்தத் தொழிலின் பாதி இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது. விளக்கிலிருந்து முகம் ஓரடி தூரத்திலும் பின்சுவர் நாலடி தூரத்திலும் இருந்தால், முகத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் சுவருக்குப் போய்ச் சேரும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காலாகும் என்ற ஒரே கணக்குத்தான் இது. சுவரை இருட்டாக்க வேண்டுமா, விளக்கை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். சிறிய காம்பராவில் இதைவிட நல்ல உபாயம் இல்லை. சுவரில் நீலமோ பச்சையோ பூசியிருந்தால் அந்த நிறம் கன்னத்தில் விழும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். நிறமும் போகும், முகத்தின் அந்தப் பாதி நன்றாக இருண்டு உருவமும் எழும்பும். நிழல் கூடிவிட்டால் கம்பளியை எடுத்துவிட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை வையுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் மலைகளில் அது தினமும் வாசலுக்கு வரும்: பனிமூட்டம். கதவைத் திறந்து வைத்து இஸ்தோப்பில் (முன் தாழ்வாரத்தில்) மகன் நிற்பதாக எடுக்கிறீர்கள், அந்நேரம் மூட்டம் இறங்குகிறது என்று வையுங்கள். கெமராவின் பக்கத்திலிருந்து விளக்கைப் பாய்ச்சினால் மகனுக்கு முன்னால் இருக்கும் மூட்டம்தான் முதலில் ஒளிரும், அவன் அந்த வெள்ளைக்குப் பின்னால் காணாமல் போவான். இங்கே மட்டும் விளக்கைக் கிட்டக் கொண்டுவரும் விதியை மறந்துவிட்டு, மகனுக்குப் பின்னால், சற்று உயரத்தில், கெமராவுக்கு நேரே தெரியாதபடி வையுங்கள். மூட்டம் ஒளிர்ந்து அவன் உருவம் கறுப்பாகப் பிரிந்து நிற்கும். மூட்டம் கூடிக் குறையும், ஆகவே இந்தக் காட்சியின் எல்லாக் கோணங்களையும் அடுத்தடுத்து எடுத்து முடியுங்கள். உள்ளே விறகடுப்புப் புகை நிறைந்திருந்தாலும் இதே கதைதான். மின்குமிழும் வயரும் ஈரத்தில் நனையக் கூடாது.

வாடகை விளக்குக்கு வருவோம். 1000 வாட் ஹலோஜன் ஒன்று 230 வோல்ட்டில் நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்றும் சேர்ந்தால் 13 அம்பியர். காம்பராவிலுள்ள 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகச் சொல்பவர் உங்கள் நண்பரல்ல. பழைய வயர், ஒட்டுப்போட்ட இணைப்பு, ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து வீடுகள். ஒரு காம்பராவில் பற்றினால் வரிசையே எரியும், அப்படி எரிந்த லயங்களின் செய்தி நமக்குப் புதிதல்ல. இந்த அபாயத்தைத் தரகர் சொல்ல மாட்டார். வாடகையில் தன் பங்கை எடுப்பார், மின்குமிழ் வெடித்தால் உங்கள் வைப்புப் பணத்தில் கழிப்பார். என்றாவது பெரிய விளக்கு உண்மையாகவே தேவைப்பட்டால் கடைக்கு நேரே போய், எரியவைத்துப் பார்த்து, பற்றுச்சீட்டோடு எடுங்கள். தோட்டத்தில் படமெடுக்க அனுமதி வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரும் இதே ரகம். தோட்ட முகாமையாளருக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடமும் சொல்லிவிடுங்கள்.

டிப்ளோமா விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தேயிலையைக் கொழும்புக்கு இறக்க வழி கண்ட நாடு, ஒரு விளக்கைத் தொட்டுப் பழகும் பட்டறையைத் தமிழில் மலைக்கு ஏற்றுவதற்கு ஏன் இவ்வளவு தயங்க வேண்டும்? அந்த வெற்றிடத்தில்தான் சான்றிதழ் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்கல்வி நிறுவனங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு உண்டா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். நிறுவனம் பதிவானது என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள், நீங்கள் படிக்கப்போகும் பாடநெறி அங்கீகாரம் பெற்றதா என்பது வேறு கேள்வி. எந்த மொழியில் நடத்துகிறார்கள், ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் விளக்கைக் கையால் பிடிப்பார், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க விடாத இடத்தில் முற்பணம் கட்ட வேண்டாம்.