இங்கிலாந்தின் எப்சம் டெர்பி ஏன் இவ்வளவு பெரிய குதிரைப் பந்தயமாகப் பேசப்படுகிறது? அதன் வரலாறு என்ன?

என்னைக் கேட்டால், அந்தப் பேருக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு விதிதான். 3 வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது எவ்வளவு பெரிய குதிரையாக இருந்தாலும் ஆயுளில் ஒரே வாய்ப்பு, அன்றைக்குக் கால் சுளுக்கிக்கொண்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

பந்தயம் தொடங்கியது 1780இல், லண்டனுக்குத் தெற்கே எப்சம் மேட்டுவெளியில். டெர்பி பிரபுவும் சர் சார்லஸ் பன்பரியும் யார் பெயரை வைப்பது என்று காசு சுண்டிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. பெயர் டெர்பிக்குப் போனது, ஆனால் முதல் பந்தயத்தில் ஜெயித்தது பன்பரியின் குதிரை டயோமெட். முதலில் 1 மைல்தான், 1784இல் ஒன்றரை மைலாக்கினார்கள். தடமும் லேசுப்பட்டதல்ல: முதலில் மேடு, அப்புறம் இறக்கத்திலேயே டாட்டன்ஹாம் கார்னர் வளைவு, அதைத் தாண்டினால் உள்வேலிப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் நேர்பாதை. வெறும் வேகம் அங்கே போதாது.

அந்த வயது விதிக்காகவே மோசடியும் நடந்தது. 1844இல் ரன்னிங் ரெயின் என்ற பெயரில் ஓடி முதலில் வந்தது உண்மையில் மக்காபியஸ் என்ற 4 வயதுக் குதிரை. வழக்கு நீதிமன்றம் போய், குதிரையைக் கொண்டு வாருங்கள் என்று நீதிபதி சொன்னால் குதிரையையே காணோம்! வெற்றி இரண்டாவதாக வந்த ஒர்லாண்டோ என்ற குதிரைக்குப் போனது.

1913ஐச் சொல்லாமல் விட முடியாது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எமிலி டேவிசன் ஓட்டத்தின் நடுவே தடத்துக்குள் இறங்கி, மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை ஆன்மர் மோதி, நான்கு நாள் கழித்து இறந்துபோனார். அந்த வருஷம் ஜெயித்த குதிரையைவிட அவர் பெயர்தான் இன்றும் நினைக்கப்படுகிறது, அது நியாயமும்கூட.

அப்புறம் 1953. 26 முறை சாம்பியன் ஜாக்கியான (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) கார்டன் ரிச்சர்ட்ஸ் தன் 28ஆவது முயற்சியில்தான் டெர்பி ஜெயித்தார், பின்சா என்ற குதிரையில். இரண்டாவதாக வந்த ஆரியோல், நான்கு நாள் முன்பு முடிசூடிய இரண்டாம் எலிசபெத் ராணியின் குதிரை. கிளாசிக் எனப்படும் இங்கிலாந்தின் ஐந்து பெரிய பந்தயங்களில் மற்ற நான்கையும் பிற்பாடு வென்ற ராணிக்கு டெர்பி மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

காணொளி பார்ப்பதென்றால் 1981 பந்தயத்தைப் பாருங்கள். ஷெர்கர் 10 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது, டெர்பியில் அதைவிடப் பெரிய வெற்றி இதுவரை இல்லை. ஓட்டிய வால்டர் ஸ்வின்பர்னுக்கு வயது 19தான்.