வொர்க் ஆர்டருக்கும் முதல் கடப்பாரைக்கும் நடுவில்: வேலூர் ஒப்பந்ததாரர் கேள்வி பதில்

வேலூர் மாநகராட்சியிலும் சுற்றியுள்ள நகராட்சிகளிலும் புதிதாக வேலை எடுப்பவர்களும் சைட் பார்ப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் உள்ளாட்சிப் பணிகளின் எஸ்டிமேட், அக்ரிமென்ட், பில் எல்லாம் அறிந்தவர்.

காட்பாடி, புது ஒப்பந்ததாரர்: சார், 180 மீட்டர் மழைநீர்க் கால்வாய். வொர்க் ஆர்டர் கைக்கு வந்துடுச்சு. நாளைக்கே ஜே.சி.பி. விட்டுடலாமா?

விடாதீங்க தம்பி. வொர்க் ஆர்டர் என்பது வேலை உங்களுடையது என்பதற்கான தாள். இடம் உங்கள் கைக்கு வந்ததா என்பது வேறு. ஏ.இ.யுடன் (உதவிப் பொறியாளர்) தெருவில் நடந்து, எந்தப் புள்ளியில் ஆரம்பம், எங்கே முடிவு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்து, தள ஒப்படைப்பை எழுத்தில் வாங்குங்கள். வேலைக் காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது அக்ரிமென்ட்டில் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

அடுத்தது லெவல். பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில், சாலை நடு, ஓரம், கால்வாய் வரும் கோடு என மூன்று புள்ளியிலாவது இருக்கும் மட்டத்தை எடுத்து, ஏ.இ.யும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பெஞ்ச் மார்க்கை, அதாவது மட்டம் ஒப்பிடும் நிலையான குறியை, யாரும் இடிக்காத இடத்தில் வையுங்கள்: பாலத்துக் கைப்பிடிச் சுவர், கோயில் வாசல் கல் மாதிரி. மின்கம்பத்தின் அடியில் வேண்டாம்; கம்பமே மாறினாலும் மாறும். தோண்டிய பிறகு "இங்கே மண் 40 சென்டி உயரமாக இருந்தது" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) ஏறாது. மண்வேலை அளவில் வரும் தகராறில் பெரும்பகுதி இந்தக் கையெழுத்து இல்லாததால் வருவதுதான்.

கடைசியாக, கோட்டில் நிற்பவற்றின் பட்டியல்: அடிபம்பு, மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, வீட்டுப் படி, தண்ணீர் வால்வு, நிறுத்திய வண்டி. ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம் தெரியும் போட்டோ. 2022-ல் நம்ம ஊரிலேயே நிறுத்தியிருந்த பைக்கை எடுக்காமல் அதைச் சுற்றி சிமென்ட் சாலை போட்டதும், அடிபம்பைக் கால்வாய்க் கான்கிரீட்டுக்குள் வைத்து மூடியதும் நாடு முழுக்கச் செய்தியானது. இரண்டுமே அரைமணி நேரம் நடந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அதே அன்பர்: வண்டியை எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேங்கிறாங்க, அதுக்கு?

மூன்று நாள் முன்பே வீட்டுக்கு வீடு துண்டுச்சீட்டு. அதில் தேதி, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை நாள் வண்டி உள்ளே வராது, யாருக்குப் போன் செய்வது. கவுன்சிலரிடம் ஒரு பிரதி. முதல்நாள் மாலை மறுபடி ஒரு நடை. அப்படியும் நின்றால் உள்ளூர் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்தப் பத்து மீட்டரை விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். கான்கிரீட் லாரியை வரவழைத்துவிட்டு வண்டிக்காரரைத் தேடக் கூடாது.

குடியாத்தம்: போட்டி அதிகம்னு 22 சதவீதம் லெஸ் போட்டு எடுத்துட்டேன். கூடுதல் டெபாசிட் கேட்கிறாங்க. இது சரியா?

சரிதான். வழக்கமாக நம் டெண்டர் ஆவணங்களில் இருப்பது இது: எஸ்டிமேட்டை விட 5 முதல் 15 சதவீதம் குறைவாகப் போட்டால், ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம் கூடுதல் காப்பு. 15-க்கு மேல் போனால், எஸ்டிமேட்டுக்கும் உங்கள் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. உங்கள் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். எஸ்டிமேட் 20 லட்சம் என்றால் 22 லெஸ்ஸில் உங்கள் தொகை 15.60 லட்சம். வித்தியாசம் 4.40 லட்சம், பாதி 2.20 லட்சம். இதோடு சாதாரண செக்யூரிட்டி 2 சதவீதம், 31,200 ரூபாய். ஆக, ஒரு மூட்டை சிமென்ட் வாங்குவதற்கு முன்பே இரண்டரை லட்சம் உள்ளே முடங்கிவிடுகிறது. பார்ட் பில்லில் (முடிந்த பகுதிக்கான பில்) பிடித்தம் வேறு: வருமான வரி தனிநபருக்கு 1, நிறுவனத்துக்கு 2 சதவீதம்; ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 சதவீதம், தொழிலாளர் நலநிதி 1 சதவீதம், அதன் மேல் நிறுத்திவைப்புத் தொகை. இந்த டி.டி.எஸ். எல்லாம் கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வரவில் வரும். நலநிதி வராது. லெஸ் போடும் போதே இதைக் கையில் எழுதிப் பார்க்காதவர்கள்தான் பாதியில் வேலையை நிறுத்துகிறார்கள்.

மேல்விஷாரம்: சைட்டுக்குப் பக்கத்துலேயே போர் இருக்கு. அந்தத் தண்ணியிலேயே கான்கிரீட் போட்டுக்கலாமா?

சோதித்துப் பார்க்காமல் கூடாது, அதுவும் நம்ம பக்கத்தில். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி இருக்கும் தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு ஏறிக் கிடக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு: பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. ஒரு லிட்டரில் குளோரைடு ஆர்.சி.சி.க்கு (கம்பி போட்ட கான்கிரீட்) 500 மில்லிகிராம், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000, சல்பேட் 400, கரிமப் பொருள் 200, கனிம உப்பு 3,000.

கம்பி உள்ளதற்கும் இல்லாததற்கும் நான்கு மடங்கு வித்தியாசம் ஏன்? குளோரைடு கான்கிரீட்டை விடக் கம்பியைத்தான் முதலில் தின்கிறது. கம்பி துருப்பிடித்தால் வீங்கும். மேலே உள்ள கான்கிரீட் பொரிந்து உதிரும். கால்வாய் மூடியின் அடிப்பக்கம் கம்பி தெரிவதை நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கனம், குறைந்தாலும் அப்படி ஆகும். கெட்ட தண்ணீர் அதை வேகப்படுத்தும்.

வேலை தொடங்கும் முன் தண்ணீர் மாதிரியைச் சுத்தமான கேனில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை ஏ.இ.யிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பக்கத்து கிணற்றுக்கு வந்த ரிப்போர்ட் உங்கள் போருக்குச் செல்லாது. க்யூரிங்குக்கு (கான்கிரீட்டை ஈரமாக வைப்பது) ஊற்றும் தண்ணீரும் இதே தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி, சைட் இன்ஜினியர்: பாதாள சாக்கடைக் குழாய்க்கு 2.4 மீட்டர் ஆழம் தோண்டணும் சார். தெரு அகலமே 4 மீட்டர். மண்ணை எங்கே போடறது?

அருமையான கேள்வி அம்மா, ஏனென்றால் பள்ளம் சரிவது பெரும்பாலும் கரையில் குவித்த மண்ணால்தான். விதி இது: தோண்டிய மண் பள்ளத்தின் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். 2.4-இல் பாதி 1.2, ஆகவே 1.5 மீட்டர். ஆழம் 3.6 ஆனால் 1.8 மீட்டர். உங்கள் தெருவில் ஒரு மீட்டர் அகலப் பள்ளம் போக, இரு பக்கமும் ஒன்றரை மீட்டர்தான் மிச்சம். மண் வைக்க இடமே இல்லை. ஆகவே லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தச் செலவு எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று தோண்டும் முன்பே பார்த்து, இல்லையென்றால் கடிதம் எழுதுங்கள்.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் என்றாலே பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும், இல்லை பலகை, குறுக்குக் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். 4 மீட்டர் தெருவில் சரிக்க வழியில்லை, பலகைதான். 1.2 மீட்டர் தாண்டினால் 30 மீட்டருக்கு ஒரு ஏணி, மேலே 90 சென்டி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஆளை இறக்கும் முன் விளிம்பில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். விளிம்புக்கு இணையாக மயிரிழை ஓடினால் யாரும் இறங்கக் கூடாது.

தோண்டும் முன் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தொலைத்தொடர்பு கேபிளுக்கு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் இடத்தைப் பதிவது 2023 முதல் கட்டாயம். மின் வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவு மூன்றுக்கும் தனித்தனிக் கடிதம் போடுங்கள். வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். வால்வு, தெருக்குழாய் இருக்கும் இடங்களில் கையால் சோதனைப் பள்ளம் எடுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயை உடைத்தால் பல வார்டுக்குத் தண்ணீர் நிற்கும், பழுதுச் செலவும் உங்கள் பில்லில்தான் வரும்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் மேன்ஹோலில் இணைப்பு கொடுக்க ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வைப்பது 2013 சட்டப்படி குற்றம். இணைப்பை இயந்திரம், குழாயை அடைக்கும் பிளக், பம்ப் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

கொணவட்டம்: கோட்டைக்குப் பக்கத்துல கால்வாய் வேலை வருது. தொல்லியல் துறை அனுமதி வேணுமா?

வேலூர் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அளப்பது மதிலிலிருந்து அல்ல, அந்த எல்லையிலிருந்து. டேப்பை மதிலில் வைத்து அளந்து "நாங்கள் வெளியே இருக்கிறோம்" என்று சொல்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் 2010 திருத்தத்தில் 'கட்டுமானம்' என்பதன் வரையறையிலிருந்து சிலவற்றை விலக்கியிருக்கிறார்கள்: வடிகால் கட்டுவதும் பராமரிப்பதும், பொதுக் கழிப்பிடம், பொதுமக்களுக்கான குடிநீர்ப் பணி, மின் விநியோகம். உங்கள் கால்வாய் இதில் அடங்கும். கால்வாயோடு சேர்த்துக் காவலாளி அறை, கடை மேடை என்று எதையாவது நுழைத்தால் அடங்காது. விலக்கு இருந்தாலும் மாநகராட்சி வழியாகத் தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள். வேலையைப் பாதியில் நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்கு.

வேலப்பாடி: வார்டுக்குள்ள இருக்கிற ரோடெல்லாம் மாநகராட்சி ரோடுதானே?

இல்லை. நகருக்குள்ளேயே மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் உண்டு. சென்னை - பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. காட்பாடி தண்டவாளத்தை ஒட்டிய இடம் ரயில்வேயுடையது. சாலை வெட்டும் அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் யாருடைய சாலையோ அவர்களிடம். ரயில்வே அனுமதி எல்லாவற்றையும் விட நாளாகும். அதை முதல் நாளே தொடங்குங்கள்.

தொரப்பாடி: பழைய தார் ரோட்டு மேலேயே புதுசா போட்டா என்ன?

வீடுகள் பள்ளத்துக்குப் போய் மழைத்தண்ணீர் உள்ளே வரும். சுரண்டி எடுத்துப் பழைய மட்டத்துக்கே போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். இப்படிச் சுரண்டும் மில்லிங் அயிட்டம் எஸ்டிமேட்டில் இல்லையென்றால் தொடங்கும் முன் கேளுங்கள்.

காட்பாடி, முதலில் கேட்டவர்: என் கால்வாய்க்கு வலிமைச் சோதனைக்கு எத்தனை கான்கிரீட் கியூப் எடுக்கணும்? மொத்தமா அஞ்சு சாம்பிள் போதும்னு சொல்றாங்க.

உள் அகலம் 60, ஆழம் 75, அடியும் சுவரும் 15 சென்டி என்றால் மீட்டருக்கு 0.36 கன மீட்டர். 180 மீட்டருக்கு 64.8. ஐ.எஸ். 456 அட்டவணையில் 50 கன மீட்டர் வரை நான்கு மாதிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் ஐந்து வரும். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் குறைந்தது ஒரு மாதிரி எடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. நாளைக்கு 20 மீட்டர் போட்டால் ஒன்பது நாள், ஒன்பது மாதிரி. மாதிரிக்கு மூன்று கியூப், ஆக 27. ஏழாம் நாள் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக. குறைந்தது ஆறு அச்சு சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவல் அச்சு மூலை தேய்ந்திருந்தால் நல்ல கான்கிரீட்டும் ஃபெயில் ஆகும்.

வேலூர் சித்திரை வெயிலில் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு 14 நாள் ஈரம் காய விடாதீர்கள். கான்கிரீட் போடும்போது அதன் வெப்பம் 40 டிகிரி தாண்டக் கூடாது. ஜல்லியை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து, விடியற்காலையில் போடுவதுதான் வழி.

பேரணாம்பட்டு: ஒரு சதவீத நலநிதி கட்டிட்டோமே, தொழிலாளிக்கு அடிபட்டா வாரியம் பார்த்துக்குமா?

வாரிய உதவி பெரும்பாலும் வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளிக்குத்தான். உங்கள் இழப்பீட்டுப் பொறுப்பு அதனால் போகாது. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியை முதல் பள்ளம் தோண்டும் தேதிக்கு முன்பே எடுங்கள். அதில் எழுதும் ஆள் எண்ணிக்கையும் வருகைப் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும். மேஸ்திரி கூட்டிவந்த ஆட்களையும் சேர்க்க வேண்டும்.

அணைக்கட்டு: எம் சாண்ட், ஜல்லிக்கு பில் இருக்கு. நடைச்சீட்டும் கேட்கிறாங்க.

கேட்பார்கள். நடைச்சீட்டு (லோடு கொண்டுவர அனுமதிக்கும் சீட்டு) இல்லையென்றால் கனிமத்துக்கு அரசுக்குச் சேர வேண்டிய சீனியரேஜ் தொகையை உங்கள் பில்லில் பிடிப்பார்கள். ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், தேதியுடன் வாங்கி, வந்த அன்றே ஃபைலில் கோர்த்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து கிரஷரில் போய்க் கேட்டால் கிடைக்காது.

சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் வேலை எடுத்தவர்: பகல்ல டிராஃபிக். ராத்திரி பிரேக்கர் போட்டு உடைக்கலாமா?

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இரவு 10 முதல் காலை 6 வரை பிரேக்கர் சத்தத்தை அங்கே யாரும் விடமாட்டார்கள். கட்டர் வைத்துப் பகலில் கோடு வெட்டி, அதிகாலை ஆறு மணியிலிருந்து உடைப்பதைத் திட்டமிடுங்கள். ஆம்புலன்ஸ் போகும் அகலத்தை எந்த நேரமும் விட வேண்டும். போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் படம் வரைந்து கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

குடியாத்தம், வேறொருவர்: மின்கம்பம் மாத்த ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப தாமத அபராதம்னு சொல்றாங்க. என்ன செய்யறது?

கம்பம் தடையாக நின்ற நாளிலேயே கடிதம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதன் ஒப்புகை நகலுடன், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கால நீட்டிப்பு கேளுங்கள். காலம் முடிந்த பிறகு கேட்டால் சிக்கல். கடிதத்தில் தடை தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, அதனால் நின்ற நீளம் மூன்றும் இருக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் மீதி நீளத்தில் வேலை நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள்; மறைத்தால் எம்-புக் தேதி காட்டிக்கொடுத்துவிடும்.