எதிரொலியைத் துடைத்துவிடாமல்

அன்புள்ள ஐயா,

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு 1963இல் பதிவு செய்த இத்தாலிய இசையமைப்பாளர் அல்லெக்ரியின் ‘மிசெரேரே’ என்ற தேவாலயப் பாடலை என் தகப்பனாரின் எல்பி தட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அண்மையில் அதன் ரீமாஸ்டர் (மூல டேப்பிலிருந்து புதிதாகச் செப்பனிட்ட பதிப்பு) ஒன்றைக் கேட்டேன். கரகரப்பே இல்லை; ஆனால் ஏதோ வெறுமை தட்டியது. பழக்கக் கோளாறா? எங்கள் திருச்சபைச் சிறுவர்கள் எழுபதுகளில் பாடிய தமிழ்க் கீர்த்தனைகளின் கேசட் ஒன்றும் என்னிடம் உள்ளது. அதையும் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் போட வேண்டியதில்லை. தட்டின் கரகரப்பு தூசியும் கீறலும் உண்டாக்கியது. மூல டேப்பில் அது கிடையாது, ஆகவே அது போனதில் இழப்பில்லை. டேப்புக்கே உரிய ‘உஸ்’ என்ற இரைச்சல் வேறு. அதை நீக்கப் போகும்போதுதான் கை தவறுகிறது.

அந்தப் பதிவில் பைபிளின் 51ஆம் சங்கீதத்தின் வசனங்களை ஐந்து குரல் குழுவும் நான்கு குரல் குழுவும் மாறிமாறி எடுக்க, இடையிடையே ஆண்கள் நம் விருத்தம்போலத் தாளக்கட்டின்றிச் சொல்லின் நடைக்கேற்ப ஓதிச் செல்கிறார்கள். நான்கு குரல் குழுவின் முறை வரும்போதெல்லாம் ராய் குட்மன் என்ற சிறுவனின் குரல் மேல் ‘சி’ என்ற மிக உயர்ந்த மேற்கத்திய சுரத்தைத் தொடுகிறது. (அந்த உச்ச சுரம் அல்லெக்ரி எழுதியது அன்று, 19ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவர்கள் வழியாக நுழைந்தது என்பது ஆய்வாளர் கருத்து; இத்தனை அழகான பிழையென்றால் எனக்குச் சம்மதமே.) அவன் பாடி முடித்த பின்னும் அந்தக் குரல் உயர்ந்த கல் விதானத்தில் சில விநாடிகள் தங்கித் தேய்ந்து, கடைசியில் இரைச்சலின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. பாட்டில்லாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொள்ளும் மென்பொருள், அந்த அளவுக்குக் கீழே வருவதையெல்லாம் ஒடுக்குகிறது. எதிரொலியின் வால் எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லும் வெறுமை இதுவாகவே இருக்கலாம். ஹெட்ஃபோனில் வசன முடிவுகளை மட்டும் கேளுங்கள்: ஒலி கரைகிறதா, கத்தரித்ததுபோல் நிற்கிறதா? ஆங்கிலத்தில் பாடப்பட்ட பதிவு என்பதால் ‘ஸ்’ ஒலிகளையும் கவனியுங்கள். அவையும் டேப் இரைச்சலும் ஒரே உயர் அதிர்வெண்களில் இருப்பதால், மிகையாகத் துடைத்தால் அவை மழுங்கிவிடும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்த ரீமாஸ்டரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

உங்கள் கேசட்டின் நிலை இன்னும் நுட்பமானது. கிங்ஸ் பதிவின் மூல டேப் பத்திரமாக இருக்கும்வரை ஒரு ரீமாஸ்டர் கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். உங்கள் சபைச் சிறுவர்களோ இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்களாக இருப்பார்கள், உடைந்த குரல் திரும்பாது. ஆகவே கேசட்டைக் கொடுங்கள், ஆனால் நிபந்தனையோடு. டர்பனின் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடித்திருக்கக்கூடும்; அதைப் பார்க்காமல் ஓடவிட வேண்டாம். கருவியில் டேப்பைப் படிக்கும் ஒலிமுனையின் சாய்வை அந்த டேப்புக்கு ஏற்பச் சரிசெய்து, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர டிஜிட்டல் அளவில் முழுவதையும் எடுத்து, அந்தக் கோப்பை முதலில் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். துடைப்பதெல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். சுத்தம் செய்த ஒரே பிரதியைத்தான் தருவேன் என்று அவர் சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.